வாசி, வட்டம், மார்க்கப்: அயல்காசை மாற்ற ஆகும் செலவின் கதை

இந்த வார எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, நாங்க நாலு பேர் முதல் தடவையா மலேசியா, சிங்கப்பூர் போறோம். ஒருத்தி கார்டுல ஃபாரக்ஸ் கட்டணம் 3.5 சதவீதம்னு இருக்கு. இன்னொருத்தி கார்டுல ஜீரோன்னு இருக்கு. ஏர்போர்ட்ல காசு மாத்துற கவுன்ட்டர்லயும் 'கமிஷன் இல்லை'ன்னு போர்டு வெச்சிருக்காங்களாம். எதை நம்புறது?"

எந்த கார்டுன்னு மட்டும் கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லி முடிச்சிருப்பேன். ஆனா அவங்க கேட்டது "எதை நம்புறது"ன்னு. இந்தக் கேள்விக்கு தமிழ்ல சுமார் 1300 வருஷ வரலாறு இருக்கு. நான் பகல்ல கோடு எழுதுறவன், சொந்த ஊர் திருவண்ணாமலை. எங்க ஊர் இந்தக் கதையில நாலஞ்சு இடத்துல வந்து போகும். ஊர்ப்பாசம்னு நினைக்காதீங்க, நிஜமாவே வருது.

ஏழாம் நூற்றாண்டுல ஆரம்பிக்கலாம். இடம் திருவீழிமிழலை, இன்னைக்கு திருவாரூர் மாவட்டத்துல இருக்கு. பெரிய புராணம் சொல்ற கதை இது. நாட்டுல பஞ்சம். அப்பரும் திருஞானசம்பந்தரும் அந்த ஊர்ல தங்கி, ஆளுக்கொரு மடத்துல அடியார்களுக்குச் சோறு போடுறாங்க. அதுக்காக தினமும் கோயில் பீடத்துல ஆளுக்கொரு பொற்காசு கிடைக்குது, சிவபெருமான் கொடுக்கிறார். அப்பர் மடத்துல நேரத்துக்குச் சாப்பாடு ஆயிடுது. சம்பந்தர் மடத்துல மட்டும் லேட். ஏன்னு சம்பந்தர் விசாரிக்கிறார். சமையல்காரங்க சொல்ற பதில்தான் முக்கியம்: அப்பரோட காசைக் கடைக்காரங்க உடனே வாங்கிக்கிறாங்க, நம்ம காசுக்கு மட்டும் வாசி பிடிக்கிறாங்க.

வாசின்னா கழிவு. இந்தக் காசு முழு மதிப்புக்குச் செல்லாது, இவ்வளவு குறைச்சுத்தான் எடுத்துப்பேன்னு கடைக்காரர் சொல்ற வித்தியாசம். சம்பந்தர் போய் அந்த வாசி தீரணும்னு கேட்டே ஒரு பதிகம் பாடுறார். அந்தப் பதிகம் தேவாரத்துல இன்னைக்கும் இருக்கு. அப்புறம் நல்ல காசு கிடைச்சதா கதை முடியுது. அப்பர் கையால உழவாரத் தொண்டு செஞ்சவர், அதனாலதான் அவருக்கு வாசியில்லாக் காசுன்னு ஒரு விளக்கமும் உண்டு.

இதை அற்புதமா எடுத்துக்குறதும் கதையா எடுத்துக்குறதும் உங்க விருப்பம். எனக்கு சுவாரசியமான ஆள் அந்தக் கடைக்காரர். ரெண்டும் பொற்காசு. ரெண்டுமே ஒரே கோயில்ல இருந்து வருது. பெயரளவுல மதிப்பு ஒண்ணுதான். ஆனா ஒண்ணுக்கு முழு அரிசி, இன்னொண்ணுக்குக் கொஞ்சம் கம்மி. இந்த வித்தியாசம் எந்த ரசீதுலயும் எழுதலை, சம்பந்தர்கிட்ட யாரும் வந்து சொல்லவும் இல்லை. சாப்பாடு லேட்டானதாலதான் விஷயம் வெளியே வந்துச்சு. சர்வர்ல எர்ரரே வராம ரெஸ்பான்ஸ் மட்டும் ஸ்லோ ஆகுமே, அதை வெச்சு பக் கண்டுபிடிக்கிற மாதிரி. இன்னைக்கு கார்டு கட்டணம் வேலை செய்ற விதமும் இதேதான்: அது தனி வரியா வராது, மாற்று விகிதத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

வாசிங்கிறது புராணத்துல மட்டும் இருக்கிற சொல் இல்லை. கோயில்களுக்கு நிலம் வித்தாலும், நந்தா விளக்குக்கு முதல் வெச்சாலும், கல்வெட்டுல எந்தக் காசுன்னு குறிப்பா எழுதுவாங்க. சோழர் காலத்துல "அன்றாடு நற்காசு", அதாவது அன்னைக்கு நடப்புல இருக்கிற நல்ல காசு. இலங்கைத் தொடர்போட வந்த "ஈழக்காசு" தனியா. பிற்காலத்துல "வாசிபடாத" பணம்னே அடைமொழி போடுறாங்க. எங்க ஊர் அருணாசலேஸ்வரர் கோயில் சுவர்கள்லயே சோழர், ஹொய்சாளர், விஜயநகரம்னு நூத்துக்கும் மேல கல்வெட்டு இருக்கு. கிரிவலம் வர்றவங்க அதுல சாய்ஞ்சு உட்கார்ந்து செல்ஃபி எடுப்பாங்க. ஒவ்வொரு அரசும் தன் காசோட வந்து போன ஊர்ல, தானம் எழுதுறவனுக்கு ஒரு பயம் இருந்திருக்கும்: நான் கொடுக்கிற பொன் நாளைக்கு எந்த மதிப்புக்குச் செல்லும்? "நற்காசு"ன்னு கல்லுல வெட்டினது அந்தப் பயத்துலதான்னு நான் நினைக்கிறேன். நாணயம்ங்கிற ஒரே சொல்லுக்கு தமிழ்ல காசுன்னும் நேர்மைன்னும் ரெண்டு பொருள் இருக்கிறதை இந்த இடத்துல யோசிச்சுப் பாருங்க.

இப்ப ஒரு பெரிய தாவல். பதினெட்டாம் நூற்றாண்டு. வாசிக்கு இப்ப புழக்கத்துல இன்னொரு பேர், வட்டம். காசு மாத்துறவங்களுக்குப் பேர் சராப்பு. அரபியில சர்ராஃப், ஆங்கிலேயர் வாயில ஷ்ராஃப். தமிழ்நாட்டுல இவங்க இல்லாம ஒரு நாள் கூட நகராது. ஏன்னு சொல்றேன்.

திருவண்ணாமலை வரைபடத்துல எங்க இருக்குன்னு பாருங்க. மேற்கே செங்கம் கணவாய், அதைத் தாண்டினா பாரமகால், அதுக்கு மேல மைசூர். கிழக்கே கர்நாடக நவாப்போட ஆற்காடு நாடு, கடைசியில கடற்கரை. மலைமேல இருந்து இறங்குற படைக்கு இது ஒரு முக்கியமான வழி. 1767 செப்டம்பர்ல ஹைதர் அலி, நிஜாம் படைகளுக்கும் கர்னல் ஸ்மித்தோட கம்பெனிப் படைக்கும் முதல்ல செங்கத்துல சண்டை, அதே மாசம் திருவண்ணாமலையில சண்டை. படை போற வழியில காசும் போகும். மேற்குப் பக்கம் ஹைதரோட வராகன். அதுல ஒரு பக்கம் சிவன் பார்வதி உருவம், மறுபக்கம் ஹைதரோட பேர் முதலெழுத்து பாரசீகத்துல. பழைய காசைப் பார்த்துப் பழகினவன் வாங்க மறுக்கக் கூடாதுங்கிற வியாபார புத்தி அதுல இருக்கு. கிழக்குப் பக்கம் சென்னையில கம்பெனி அடிச்ச நட்சத்திர வராகன். அதுக்கு நடுவுல ஆற்காடு ரூபாய். பிரெஞ்சுக்காரங்க 1736-ல நவாப்கிட்ட அனுமதி வாங்கி புதுச்சேரியிலயும் ரூபாய் அடிச்சாங்க. அதே வருஷம்தான் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பிச்சார். தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க காசு, நாகப்பட்டினத்துல டச்சு வராகன். எல்லாம் ஒரு வாரம் நடந்தா போய்ச் சேர்ற தூரத்துக்குள்ள.

சென்னைக் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அப்ப ஒரு வராகனுக்கு 3,360 காசு. இதுல காசு செம்பு, பணம் வெள்ளி, வராகன் தங்கம். சின்ன வேலைக்காரன் கூலி செம்புலயோ சில்லறைப் பணத்துலயோ வரும். வரி, பெரிய கடன், துணி வியாபாரம் எல்லாம் வராகன் கணக்கு. மூணு உலோகத்துக்கும் சந்தை விலை தனித்தனியா ஏறி இறங்கும். அதனால 42-ங்கிறது காகிதத்துல இருக்கிற விகிதம். கடைத்தெருவுல என்ன விகிதம்னு சராப்பு சொல்லுவார். ஒரு கணக்குக்கு, இன்னைக்கு கடைத்தெருவுல 44-ன்னு வெச்சுக்குவோம். 42 பணம் சேர்த்து வெச்சு ஒரு வராகன் கடன் கட்டலாம்னு வந்தவனுக்கு ரெண்டு பணம் குறையுது. சதவீதத்துல நாலரை. யாரும் அவன்கிட்ட "கட்டணம்"னு ஒண்ணும் வாங்கலை. விகிதம் அவ்வளவுதான், தம்பி, இஷ்டமிருந்தா மாத்து.

தங்கம் வெச்சிருக்கிறவனுக்கு இது லாபமா கூட முடியும். செம்புல கூலி வாங்குறவனுக்கு ஒவ்வொரு மாத்தலும் நஷ்டம். மாத்தாம இருக்கவும் முடியாது. அயல்காசு மாத்துற செலவு எப்பவும் சின்னத் தொகைக்காரன் மேலதான் அதிகமா விழும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. (காசுங்கிற தமிழ்ச் சொல் போர்ச்சுகீசியர் வழியா "கேஷ்"னு ஆங்கிலத்துல ஒரு சில்லறை நாணயத்தோட பேரா போச்சு. ரொக்கத்தைக் குறிக்கிற கேஷ் வேற வேர்ல இருந்து, பெட்டிங்கிற சொல்லுல இருந்து வந்தது. ரெண்டும் ஒண்ணுன்னு வாட்ஸ்அப்ல வந்தா ஃபார்வர்டு பண்ணாதீங்க.)

1818-ல சென்னை மாகாணத்துக்கு ரூபாய்தான் நாணயம்னு கம்பெனி முடிவு பண்ணிச்சு. 100 வராகனுக்கு 350 ரூபாய். 1835-ல இந்தியா முழுக்க கம்பெனி ஆட்சிப் பகுதிக்கு ஒரே எடை ரூபாய். செங்கம் கணவாயைத் தாண்டினா வேற காசுங்கிற நிலைமை போச்சு. சராப்புத் தொழில்ல பெரும் பகுதி அடுத்த தலைமுறைக்குள்ள கரைஞ்சது.

ஆனா கடல் இருக்கே.

திருவண்ணாமலையில நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கு. கோயில் திருப்பணியில நகரத்தார் போட்ட பணம் பெரிசு. அந்தப் பணம் செட்டிநாட்டு மண்ணுல விளைஞ்சது இல்லை. ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்புல சம்பாதிச்சது. 1929-30-ல பர்மா வங்கி விசாரணைக் குழு எடுத்த மதிப்பீட்டுல, பர்மாவுல மட்டும் செட்டியார் கடைகள் 1,650 அளவுல, போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி.

பர்மா அப்ப பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ளேயே இருந்ததால அங்கேயும் ரூபாய்தான். பணத்தைத் தூக்கிட்டுப் போக வேண்டாம், உண்டி எழுதினா போதும். ரங்கூன்ல கட்டினா காரைக்குடியில வாங்கிக்கலாம். நகரத்தார்கிட்ட எனக்குப் பிடிச்ச விஷயம் நடப்பு வட்டி. ரங்கூன்ல எல்லாக் கடைக்காரரும் மாசம் ஒரு தடவை கோயில்ல கூடி, தங்களுக்குள்ள கொடுக்கல் வாங்கலுக்கு இந்த மாசம் என்ன வட்டின்னு முடிவு பண்ணுவாங்க. விகிதம் ஊரறிய சொல்லப்படும், எல்லாருக்கும் ஒண்ணு. இதை ரொம்ப ரொமான்டிக்கா பார்க்க வேண்டாம். இந்த வெளிப்படைத்தன்மை அவங்களுக்குள்ள மட்டும்தான். பர்மிய விவசாயிக்கு என்ன வட்டி போட்டாங்க, 1930 மந்தத்துல அவன் நிலம் யார் கைக்குப் போச்சுங்கிறது தனி எபிசோடு, கண்டிப்பா பண்ணுவேன்.

மலேயா பக்கம் கதை வேற. அங்க ஜலசந்தி டாலர். 1906-ல அந்த டாலரோட மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ்னு, அதாவது 28 பென்ஸ்னு நிலைநிறுத்தினாங்க. ரூபாய் அப்ப 1 ஷில்லிங் 4 பென்ஸ், 16 பென்ஸ். வகுத்துப் பாருங்க: ஒரு டாலருக்கு 1 ரூபாய் 12 அணா. பினாங்குல இருந்து 100 டாலர் அனுப்பினா ஊர்ல 175 ரூபாய். முதல் உலகப் போர்ல வெள்ளி விலை தாறுமாறா ஏறினதுல ரூபாய் ரெண்டு ஷில்லிங்கையும் தாண்டிப் போய், திரும்ப விழுந்துச்சு. கடைசியா 1927-ல ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ்ல கட்டினாங்க. டாலர் அசையலை, அதே 28 பென்ஸ். இப்ப 28-ஐ 18-ஆல வகுங்க. அதே 100 டாலருக்கு சுமார் 155 ரூபாய். ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுற ஆளும், அவருக்குக் கடன் கொடுத்த செட்டியாரும், ஊருக்கு அனுப்புற பணத்துல 20 ரூபாய் காணோம். கமிஷன் ஏறலை, உண்டிக் கூலி ஏறலை. விகிதத்தை லண்டன்லயும் டெல்லியிலயும் உட்கார்ந்து மாத்தினாங்க. அது சரியா தப்பான்னு இந்தியாவுல பெரிய அரசியல் சண்டையே நடந்துச்சு, பம்பாய் மில் முதலாளிகள் 16 பென்ஸ் வேணும்னு போராடினாங்க. மலேயாத் தமிழன்கிட்ட யாரும் கேட்கலை.

எதிர்த்திசையில வந்தவங்களைப் பத்தி சுருக்கமா. 1931-ல பால் பிரண்டன் ரமணர்கிட்ட வந்தார். 1938-ல சோமர்செட் மாம். 1950 ஏப்ரல்ல ரமணர் மறைஞ்சப்ப புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெசோன் இங்கதான் இருந்தார். அந்தக் காலத்துப் பயணிகள் நம்பினது டிராவலர்ஸ் செக். தாமஸ் குக் 1870-கள்ல சர்க்குலர் நோட்னு ஒண்ணு விட்டாங்க. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891-ல டிராவலர்ஸ் செக் கொண்டுவந்துச்சு. வாங்கும்போது சின்னக் கட்டணம். நிஜ லாபம் வேற இடத்துல: நீங்க செக்கை வாங்கின நாளுக்கும் செலவழிக்கிற நாளுக்கும் நடுவுல உங்க பணம் அவங்ககிட்ட வட்டியில்லாம இருக்கும். பாதிப் பேர் மிச்ச செக்கை டிராயர்லயே வெச்சு மறந்துடுவாங்க. இன்னைக்கு ஃபாரக்ஸ் கார்டுல மிச்சமிருக்கிற 40 ரிங்கிட் மாதிரி.

சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ஊர்க்காரனுக்கு எந்த விகிதம் நல்லதுங்கிற கேள்வியே எழலை, அயல்காசே கிடைக்காது. 1966 ஜூன்ல ஒரே அறிவிப்புல டாலர் 4.76-ல இருந்து 7.50 ரூபாய் ஆச்சு. 1973-ல ஃபெரா சட்டம் இன்னும் இறுகிச்சு. அந்தக் காலத்துல படிக்கவோ வேலைக்கோ போன பெரியவங்களைக் கேளுங்க, "எட்டு டாலரோட போனேன்"னு சொல்லுவாங்க. சும்மா சொல்றது இல்லை, எடுத்துட்டுப் போக அனுமதிச்ச ரொக்கமே அவ்வளவுதான். 1980-ல இந்தியாவுல முதல் கிரெடிட் கார்டு வந்துச்சு, சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா விட்டது. ஆனா அதை வெளிநாட்டுல இஷ்டத்துக்குத் தேய்க்கிற சுதந்திரம் 1991-க்கு அப்புறம் மெல்ல மெல்லத்தான் வந்துச்சு. 2000 ஜூன்ல ஃபெரா போய் ஃபெமா வந்தது, 2004-ல தனிநபர் வருஷத்துக்கு 25,000 டாலர் வரை அனுப்பலாம்னு ரிசர்வ் வங்கி திறந்துவிட்டது. இப்ப அந்த வரம்பு 2,50,000 டாலர்.

சரி, கார்டு. இங்க கொஞ்சம் நின்னு பேசணும்.

கோலாலம்பூர்ல 100 ரிங்கிட்டுக்கு கார்டு தேய்க்கிறீங்க. முதல்ல விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க் தன்னோட அன்றைய விகிதத்துல அதை மாத்துது. இந்த விகிதம் சந்தை விகிதத்துக்கு ரொம்ப பக்கத்துல இருக்கும். அவங்க வெப்சைட்ல கால்குலேட்டரே இருக்கு, போய்ப் பார்க்கலாம். அதுக்கு மேல உங்க வங்கி ஒரு மார்க்கப் போடும். இந்தியாவுல பரவலா 3.5 சதவீதம். அந்த மார்க்கப் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்ச ரூபாய் செலவுக்கு 3,500, வரி 630, மொத்தம் 4,130. நாலு பேர் டிரிப்புல ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகை போயிடுச்சு. 2 சதவீத கார்டுன்னா வரியோட 2,360.

இந்த அளவுக்காவது நமக்கு வெளிப்படையா தெரியுறதுக்குப் பின்னால ஒரு சண்டை இருக்கு. அமெரிக்காவுல 1990-கள்ல இந்தக் கட்டணம் விகிதத்துக்குள்ளேயே கலந்து வந்துச்சு, ஸ்டேட்மென்ட்ல தனியா காட்டாம. வாடிக்கையாளர்கள் விசா, மாஸ்டர்கார்டு, பெரிய வங்கிகள் மேல வழக்குப் போட்டாங்க. 2006-ல 336 மில்லியன் டாலருக்கு சமரசம் ஆச்சு. அவங்களோட முக்கியப் புகார்ல ஒண்ணு, இப்படி ஒரு கட்டணம் இருக்குன்னே எங்களுக்குச் சொல்லலைங்கிறது. சம்பந்தர் மடத்து சமையல்காரங்க சொன்ன அதே புகார்.

ஆனா விகிதத்துக்குள்ள ஒளியுற பழக்கம் போயிடலை, இடம் மாறியிருக்கு. எங்க சித்தப்பா செங்கம் ரோட்டுல, ரமணாசிரமம் பக்கம் ஒரு சின்ன ஹோம்ஸ்டே நடத்துறார். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஜெர்மன்காரங்க, பிரெஞ்சுக்காரங்க, ரஷ்யர்கள். ஒரு நாள் அவர் ஸ்வைப் மெஷின்ல ஒரு ஐரோப்பியப் பாட்டி கார்டு போட்டாங்க. ஸ்க்ரீன்ல "ரூபாயில் கட்டவா, யூரோவில் கட்டவா"ன்னு கேட்டுச்சு. யூரோதான் அவங்களுக்குப் புரியும், அதனால விரல் யூரோ பக்கம் போச்சு. நான் பக்கத்துல இருந்தேன், "ரூபாய் அழுத்துங்கம்மா"ன்னு சொன்னேன். சித்தப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன்டா, அவங்களுக்குத் தெரிஞ்ச காசுல காட்டுறது நல்லதுதானே?"

நல்லதில்லை சித்தப்பா. யூரோ அழுத்தினா, மாத்துற வேலை பாட்டியோட வங்கிகிட்ட இருந்து நம்ம மெஷினுக்குப் பின்னால இருக்கிற நிறுவனத்துக்குப் போயிடும். விகிதத்தை அவங்க போடுவாங்க, அதுல அவங்க லாபத்தைச் சேர்த்துத்தான் போடுவாங்க. இதுக்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன்னு பேர். சுருக்கமா டிசிசி. ஸ்க்ரீன்ல "கமிஷன் 0"ன்னே வரலாம், பொய் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல சட்டம் போட்டு, தங்களுக்குள்ள நடக்கிற இந்த மாதிரி மாத்தல்ல, ஐரோப்பிய மத்திய வங்கி விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடன்னு காட்டியே ஆகணும்னு சொல்லிடுச்சு. நமக்கு அப்படி ஒண்ணும் இல்லை.

நம்ம ஆளுங்களுக்கு இதே பொறி சிங்கப்பூர்ல "ஐஎன்ஆர்"னு வரும். ரூபாயைப் பார்த்ததும் சொந்த ஊர் மாதிரி இருக்கும், அழுத்திடுவோம். இதுல இன்னொரு கொடுமை: ரூபாயில கட்டினாலும் கடை வெளிநாட்டுல இருக்கிறதால, பல இந்திய வங்கிகள் அதுக்கும் தனியா ஒரு கட்டணம் போடும். அப்ப ஜீரோ மார்க்கப் கார்டு வெச்சிருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெளிநாட்டு ஹோட்டல் புக்கிங் சைட்ல ரூபாயில விலை காட்டினாலும் இதே கதை நடக்கலாம். மெஷின்லயும் சரி, சைட்லயும் சரி, அந்த நாட்டுக் காசையே தேர்ந்தெடுங்க.

ஜீரோ மார்க்கப் கார்டை நம்பலாமான்னு கேட்டாங்க இல்லையா. நம்பலாம், ஆனா அவங்க எங்க சம்பாதிக்கிறாங்கன்னு தெரிஞ்சு நம்பணும். நெட்வொர்க் விகிதத்துக்கு மேல ஒண்ணும் போடாத கார்டுகள் இப்ப நிஜமாவே இருக்கு. ஃபெடரல் பேங்கோட ஸ்கேப்பியா, பிக்சட் டெபாசிட் வெச்சு வாங்குற ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வாவ் மாதிரி. ரெண்டுக்கும் நான் விளம்பரம் பண்ணலை, விதிகள் அடிக்கடி மாறும், போறதுக்கு முன்னாடி அவங்க கட்டண அட்டவணையைப் படிங்க. வெளிநாட்டுல நீங்க தேய்க்கும்போது அந்தக் கடைக்காரர் பக்கத்துல இருந்து உங்க வங்கிக்கு வர்ற பங்கு உள்ளூரைவிட அதிகம். அதோட, நீங்க பில்லை முழுசா கட்டாம விட்டா வருஷத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டின வட்டி. அந்த வட்டியோட ஒப்பிட்டா மார்க்கப் எல்லாம் கொசு. ஏடிஎம்ல கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுக்காதீங்க, முதல் நாள்ல இருந்தே வட்டி ஓடும்.

பிரீமியம் கார்டுல 2 சதவீதம், லவுஞ்ச் உண்டு, வருஷக் கட்டணம் 5,000-ன்னு ஒருத்தர் விக்க வருவார். கணக்கு போடுங்க. வரியோட 5,900. 3.5-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் வரியோட 1.77 சதவீதம். வருஷத்துக்கு சுமார் 3,33,000 ரூபாய் வெளிநாட்டுல செலவு பண்ணினாத்தான் அந்த 5,900 திரும்பும். அஞ்சு நாள் மலேசியாவுக்கு அது தேவையே இல்லை. ஏர்போர்ட் கவுன்ட்டருக்கும் இதே பார்வைதான்: போர்டுல இருக்கிற "கமிஷன் இல்லை"யை விட்டுட்டு, அவங்க விக்கிற விலை, வாங்குற விலை ரெண்டையும் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் அவங்க வட்டம்.

வரி பத்தி ஒரு வரி. ஃபாரக்ஸ் கார்டு, டெபிட் கார்டு செலவு எல்லாம் அந்த 2,50,000 டாலர் வரம்புக் கணக்குல வரும். வருஷத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டினா டிசிஎஸ் பிடிப்பாங்க. 2023 மே மாசம் கிரெடிட் கார்டையும் இதுல சேர்த்தாங்க, பெரிய கூச்சல் வந்துச்சு, ஜூன் கடைசியில தள்ளி வெச்சுட்டாங்க. இப்போதைக்கு அது அப்படியே நிக்குது.

கடைசியா யுபிஐ. 2024 பிப்ரவரி 12-ல இலங்கையிலயும் மொரிஷியஸ்லயும் தொடங்கிச்சு. கொழும்புக் கடையில க்யூஆர் ஸ்கேன் பண்ணி, இலங்கை ரூபாயில தொகை போட்டா, நம்ம ரூபாயில எவ்வளவு போகும்னு ஆப்ல முதல்ல வரும். பின் நம்பர் அதுக்கப்புறம்தான். அதுலயும் விகிதத்துக்குள்ள வங்கியோட பங்கு இருக்கும், இலவசம்னு சொல்ல வரலை. ஆனா கட்டுறதுக்கு முன்னாடி முழுத் தொகையும் தெரியும், அதே நிமிஷம் இன்னொரு டேப்ல சந்தை விகிதத்தைப் போட்டுப் பார்த்து வித்தியாசத்தைக் கழிச்சுக்கலாம். கொழும்பு போற யாராவது அப்படி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அன்னைக்குச் சந்தை விகிதத்தோட எனக்கு அனுப்புங்க. பர்மா எபிசோடுல சேர்த்துப் பேசுறேன்.